ஏரிச் சுண்ணாம்பும் கடற்பவளமும்

சென்னை அரசினர் தோட்டத்தில் 1802-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, இக்காலத்தில் ராஜாஜி மண்டபம் என்று வழங்கும் பழைய விருந்து மண்டபத்தின் தூண்களையும், எழும்பூரில் 1821-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் தூண்களையும் முதன்முதலாகக் காண்பவர்கள், இவை வெண்சலவைக் கல்லால் கடைந்தவையோ என்று மயங்குவது இயல்பே. அக்காலத்து ஐரோப்பிய யாத்திரிகர்களும் அவ்வாறே மயங்கி, சென்னைச் சுண்ணாம்பின் பளபளப்பைப் பற்றித் தங்கள் பிரயாணக் குறிப்புகளில் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது வெறும் செங்கல். அதன்மேல் பூச்சின்மீது பூச்சாக ஏற்றி, ஈரம் முற்றும் உலர்வதற்கு முன் வழவழப்பான கல்லால் ஓயாமல் தேய்த்து மெருகிட்ட காரையே அந்த மயக்கத்துக்குக் காரணம். அந்தக் காரைக்கு ஆதாரமான சுண்ணாம்போ மலையில் வெட்டிய கல்லிலிருந்து வந்ததன்று. எண்ணூர்க் கழி தொடங்கிப் பழவேற்காட்டு ஏரி வரையில் உவர்நீரில் பிறந்து வளர்ந்து மடிந்த அற்ப ஜந்துக்களின் ஓடுகளைக் கூடை கூடையாக வாரி, சூளையிலிட்டு நீற்றிப் பெற்றது. நகரத்து மாளிகைகளின் வெண்மைக்கு இந்த வடகரை கொடுத்த விலையைச் சரித்திரக்காரர்கள் அதிகமாகப் பேசுவதில்லை. துணிக்கும் வைரத்துக்கும் கிடைத்த ஏடுகளில் சுண்ணாம்புக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

மீஞ்சூரிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள், வயல்கள் மெல்ல மெல்ல உவர்நிலமாகி, பனைகள் பெருகி, காற்றில் கருவாட்டு வாசனை ஏறுவதைக் கொண்டே ஏரி நெருங்கிவிட்டதை உணர்வார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், சாத்தான்குப்பம் என்று கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அடுத்தடுத்துக் கிடக்கும் குப்பங்களில் வாழ்பவர்களுக்கு இறாலும் நண்டும் மடவையும் ஜீவனம். கிளிஞ்சல், அந்த ஜீவனத்துக்கு நடுவே வறட்சிக் காலங்களில் கைகொடுத்த உபதொழில். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர் பெற்ற இந்நீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் அகன்று கிடந்தபோதிலும், ஆழம் பல இடங்களில் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. ஆகையால் கிளிஞ்சல் எடுப்பவர்களுக்கு முத்துக் குளிப்பவர்களின் மூச்சடக்கும் வித்தை தேவைப்படவில்லை. காலால் சேற்றைத் துழாவி, ஓடு தட்டுப்பட்ட இடத்தில் குனிந்து அள்ளி, கூடையை நீரில் அலசிச் சேற்றைப் போக்கிப் படகில் கொட்டினால் போதும். உயிருள்ள மட்டியைக் காட்டிலும், பல நூற்றாண்டுகளாக மடிந்து சேற்றுக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்த பழைய ஓடுகளே அதிகம். அவற்றுள் சென்னையின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரின் பின்பாதியாகத் தாங்கிய ஆளியும் ஒன்று. 1916-இல்தான் அதற்கு அந்த நாமகரணம் நடந்தது என்றாலும், அதன் ஓடுகள் அதற்குமுன் எத்தனையோ தலைமுறைகளாகச் சென்னைச் சுவர்களில் ஏறிவிட்டிருந்தன.

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினார்கள். ஆங்கிலேயர்கள் அதே ஏரியின் வடபுறத்தில் ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயபட்டினத்தில் 1626-இல் ஒரு பண்டகசாலை அமைத்து, அங்கே வியாபாரம் செழிக்காமையால் 1639-இல் தெற்கே மதராசப்பட்டினத்துக்குப் பெயர்ந்தார்கள். ஆக, சென்னை நகரம் என்பதே ஒரு விதத்தில் இவ்வேரிக்கரையை விட்டுப் புறப்பட்டவர்கள் கட்டிய ஊர். ஊர் பெயர்ந்ததேயொழிய, சுண்ணாம்பு பின்தொடர்ந்து சென்றது. கோட்டைச் சுவருக்கும், கிடங்குக்கும், மாதா கோயிலுக்கும், பிற்காலத்தில் தோட்ட வீடுகளுக்கும் இடையறாது தேவைப்பட்ட இச்சரக்கு, நகரத்தின் கட்டடக் கலையை ஒரு தனித்த கீர்த்திக்கு உயர்த்தியது. செயிண்ட் ஹெலினாத் தீவின் கவர்னராயிருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சிறந்த சாந்து செய்யும் கிரமத்தை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகைக்கு எழுதியனுப்ப, அது 1730-களின் தொடக்கத்தில் அச்சேறியது. சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கலவையில் வெல்லம் கரைத்த நீரும் கடுக்காய்ச் சாறும் எவ்வளவு விடுவது, உயர்ந்த பூச்சுக்கு முட்டை வெண்கருவும் நெய்யும் தயிரும் எந்தப் பதத்தில் சேர்ப்பது என்பதையெல்லாம் அந்த ஐரோப்பிய அறிஞர் சபை பொறுமையோடு வாசித்தது. நியூட்டனின் சபை தமிழ்நாட்டுக் கொத்தனாரின் கைப்பக்குவத்தைப் பாடம் கேட்ட சந்தர்ப்பங்கள் மிகுதியாக இல்லை. இதையாவது நாம் நினைவில் வைத்திருக்கலாம்.

சூளையின் வேலை பார்ப்பதற்கு எளிது. உள்ளே வட்டமாகக் கட்டிய காளவாயில் ஒரு வரிசை விறகும் கரியும், ஒரு வரிசை கிளிஞ்சலுமாக மாற்றி மாற்றி அடுக்கி, அடியில் தீமூட்டி, துருத்தியாலோ விசிறியாலோ காற்றூட்டி இரவு முழுவதும் எரிப்பார்கள். வெப்பம் ஏறக்குறைய 900 பாகையை எட்டும்போது ஓட்டுக்குள் பிணைந்திருக்கும் கரியமில வாயு பிரிந்து வெளியேறுகிறது. நூறு கிலோ சுத்தமான ஓடு வெந்தால் ஐம்பத்தாறு கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், மீதி நாற்பத்து நான்கும் ஆகாயத்துக்குப் போகும். விடியற்காலையில் சூளையைப் பிரிக்கும்போது ஓடுகள் தங்கள் வடிவத்தை இழக்காமல், வரி வரியாய் இருந்த ரேகைகளும் கெடாமல், தூக்கினால் மட்டும் எடையற்றுக் கையில் நிற்கும். அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீர் விட்டதும் சீறிப் புகைந்து, கையருகே வைக்க முடியாத அளவு கொதித்து, சில நிமிஷங்களில் வெண்ணெய் போன்ற மாவாய் உதிர்ந்துவிடும். நீற்றுவது என்று குப்பத்தார் சொல்லும் இந்தக் கிரியையில், ஒரு மட்டி இரண்டு மூன்று வருஷ காலம் நீரிலிருந்து துளித்துளியாய்ச் சேர்த்த சம்பாத்தியம் ஓரிரவில் கரைந்துபோகிறது. அந்த மாவு சாந்தாகச் சுவரில் ஏறிய பிறகு, காற்றிலிருந்து மீண்டும் அதே கரியமில வாயுவை வாங்கி வாங்கி மறுபடியும் கல்லாகிறது. பழைய சுவர்கள் காலம் செல்லச் செல்ல இறுகுவதன் ரகசியம் இதுதான்.

சரக்குப் போக்குவரத்துக்கு வழி கிடைத்ததும் இத்தொழில் பெருகியது. பாஸில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் திறக்கப்பட்ட கால்வாய், பின்னர் பழவேற்காடு வரை நீண்டு, 1837-இல் அரசாங்கத்தின் வசமாகி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கூலிக்குத் தவித்த ஜனங்களின் உழைப்பால் நகரத்துக்குள் அடையாற்றோடும் இணைக்கப்பட்டு, அப்போதிருந்த கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி வழியாகத் தெற்கே மிதந்து சென்ற காலம் அது. 1904-இல் சென்னையில் தோன்றிய கம்பெனியொன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக சிமெண்டு உற்பத்தி செய்ய முற்பட்டபோது, அதற்கு மூலப்பொருளாகக் கொண்டதும் கடற்கரைக் கிளிஞ்சலைத்தான், அம்முயற்சி நிலைக்கவில்லை. பத்தாண்டுக்குள் போர்பந்தரில் மலைச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு வேறொரு கம்பெனி வெற்றி கண்டது. அதன்பின் சிமெண்டு மூட்டைகள் ரயிலேறி வரத் தொடங்க, கடுக்காயும் வெல்லமும் கலந்து அரைத்த சாந்துக்குக் கேட்பார் குறைந்து, கிளிஞ்சல் சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டிக்கும், பதநீர்க் கலயத்தின் உட்புறப் பூச்சுக்கும், பொங்கலுக்கு முந்திய வெள்ளையடிப்புக்கும் ஒதுங்கியது.

வடகரையில் சுட்டது மட்டியை; தென்கரையில் நேர்ந்தது வேறு. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் சிதறிக் கிடக்கும் இருபத்தொரு தீவுகளைச் சுற்றிலும் கிளிஞ்சலைவிட எளிதாகக் கிடைத்தது பவளப்பாறை. அங்குள்ள ஊர்களில் பழைய வீடுகளையும் மதிற்சுவர்களையும் பவளக்கல்லாலேயே கட்டினார்கள். சூளைக்கும் அதுவே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரசாயனத் தொழிற்சாலைகளின் மூலப்பொருளாகவும் அது படகு படகாக வெட்டியெடுக்கப்பட்டது. கடப்பாரையால் பெயர்த்த பாறை மீண்டும் வளரும் என்று எண்ணியவர்கள் உண்டு. வளரத்தான் செய்கிறது, ஆனால் வேகம் மனிதரின் அவசரத்துக்கு ஒத்ததன்று. மான்கொம்பு போல் கிளைத்து வளரும் பவளம் நல்ல நிலைமையில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் நீளலாம். பாறையாய்த் திரளும் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பருத்தால் அதுவே மிகுதி. ஆளுயரப் பாறையொன்று ஒரு பிற்பகலில் படகேறியதென்றால், அது முளைவிட்ட காலத்தில் அந்தப் படகோட்டியின் பாட்டனாரும் பிறந்திருக்க மாட்டார். வெட்டுக்கும் அலைக்கும் இடையே இரண்டு தீவுகள் நீர்மட்டத்துக்குக் கீழே போயின. 1986-இல் அப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 2001-இல் பவளம் முழுவதும் புலிக்கும் யானைக்கும் உரிய சட்டப் பாதுகாப்பின் கீழ் வந்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையைச் சுற்றிய ஊர்களிலும் இதே சூளைக் கதைதான் நடந்தது.

இவ்விடத்தில் வாசகர்களில் சிலர் மண்ணடியின் பவளக்காரத் தெருவை நினைத்துக்கொள்வார்கள். அங்கே விற்றது இந்தப் பவளமன்று. மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டு, யூத வியாபாரிகளின் கைமாறி, கோல்கொண்டா வைரத்துக்குப் பதிலாகச் சென்னைக்கு வந்திறங்கிய செம்பவளம் அது. பாறை கட்டும் ஜாதியே வேறு. வளர்ச்சியில் மட்டும் அது இதற்கும் சோம்பேறி: தண்டு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை.

இவ்வளவு சுண்ணாம்பு கரைந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியில் மட்டியும் ஆளியும் கொழிக்கும்போது, பவளம் மட்டும் ஏன் தலைகாட்டவில்லை என்ற கேள்வி நியாயமானது; அதற்கு விடை கண்டால், பவளம் எதை வேண்டுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் செந்நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் உப்பு கடலுப்பின் சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடலின் போக்குவரத்து நின்று, வெயில் நீரை உறிஞ்சும்போது அதே ஏரி கடலைக் காட்டிலும் உவர்த்துப்போகிறது. முகத்துவாரத்தைத் திறக்கக் குப்பத்தார் ஒன்றுகூடி மண்வெட்டியோடு இறங்கியதும், அரசாங்கத்திடம் மனுமேல் மனுப் போட்டதும் இந்த ஏற்றத்தாழ்வில் இறாலே தவித்துப்போவதனால்தான். ஆளி தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு கெட்ட நாட்களைக் கழித்துவிடும். பவளப் பூச்சிக்கு மூடிக்கொள்ளக் கதவில்லை. மேலும், அதன் சதைக்குள்ளே குடியிருந்து, சூரிய வெளிச்சத்தில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடும் நுண்பாசிகளுக்குத் தெளிந்த நீர் வேண்டும். பழவேற்காட்டுக் கலங்கலில் அவற்றுக்கு ஒளியில்லை. பவளத்தின் தேவை வளத்தைக் காட்டிலும் ஸ்திரத்தன்மை. மன்னார் வளைகுடாவிலேயே 2016-ஆம் ஆண்டுக் கோடையில் நீர் சில வாரங்கள் வழக்கத்துக்கு மிஞ்சிச் சூடேறியதும், அந்த நுண்பாசிகள் வெளியேறிப் பவளங்கள் வெளுத்து, ஆறில் ஒரு பங்குக்கு அண்மையில் மடிந்தன.

இத்தகைய சுகவாசிப் பிராணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பது என்ற ஆசை மனிதனுக்கு மிகச் சமீப காலத்தில் தோன்றியது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் பிலிப் காஸ் என்ற இயற்கை விஞ்ஞானியின் முயற்சியால் 1853-இல் கடல்ஜந்துக்களுக்கான முதல் காட்சிச்சாலை திறந்தது. அந்த மோகம் பரவி, கற்பிளவுக் குட்டைகளையெல்லாம் ஜனங்கள் வாரியெடுத்துப் பாழாக்கியதைக் கண்டு அவரே வருந்தியதாக அவருடைய மகன் எழுதியிருக்கிறார். நம் ஊரில் அந்த ஆசைக்கு உருவம் கொடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை ஜனங்கள் செத்த காலேஜ் என்று பெயரிட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருபது வருஷங்களுக்கு மேல் இருந்து, ஜாதிகளையும் முத்துச் சிப்பிகளையும் ஒரே உற்சாகத்தோடு தொகுத்த அவர், ராமேசுவரம் கரையின் பவளங்களையும் நேரில் ஆராய்ந்தவர். அவருடைய யோசனையில் உருவாகி 1909-இல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலை, இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் பயத்தில் மூடப்பட்டது. மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்திருக்கும் வித்தை நூறு வருஷத்தில் கைவந்தது. பவளத்தை உயிரோடு வைத்திருக்கும் வித்தை அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. பசிபிக்கின் நூமேயாவில் ரெனே கத்தாலா 1956-இல் அமைத்த காட்சிச்சாலை, பக்கத்துக் கடலின் நீரையே ஓடவிட்டு அதைச் சாதித்தது. கடல் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு வழிகாட்டியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்க்கற்களும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் சூரிய வெளிச்சமும் போதுமென்று காட்டி 1961-இல் அவர் எழுதிய கட்டுரையை மேல்நாட்டார் அக்காலத்தில் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

கல்லாய் வளரும் பவளம் பெட்டிக்குள் சாகாமல் இருந்தாலும் வளராமல் நின்றுவிடுவதற்குக் காரணத்தைப் பிடித்தவர்கள் 1970-களில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மீன்வளர்ப்பு அன்பர்கள். அவர்களுள் முன்னோடி பீட்டர் வில்கென்ஸ். அவர்கள் கையாண்ட மருந்து தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்! நம் பாட்டிமார் சுட்ட சுண்ணாம்பைப் பானைத் தண்ணீரில் கரைத்து, இரவெல்லாம் வைத்து, மேலே படரும் ஏட்டை விலக்கி, அடிமண்டி கலங்காமல் இறுத்துக்கொள்ளும் அதே தெளிவுதான். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியத்தையும், அதனோடு கார்பனேட்டையும் எப்போதும் கையில் வைத்திருக்கிறது. சமுத்திரத்தில் இந்தக் கையிருப்பு குறைவதேயில்லை. பெட்டிக்குள்ளோ பவளம் நன்றாக வளர வளர அது வற்றி, பின்னர் பவளத்தின் வளர்ச்சியும் அதனாலேயே நின்றுபோகிறது. நீரில் நீறு கரைந்தால் கால்சியம் நேராகக் கிடைக்கிறது. அதன் காரத்தன்மை, மீன்களின் மூச்சிலிருந்து வந்த கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிக்கொள்கிறது. கட்டடத்துக்குச் சேரவேண்டிய இரண்டு சரக்கும் சரியான விகிதத்தில் ஒரே துளியில் வந்து சேர்கின்றன.

என் மருமகன் முறையாகும் இளைஞர் ஒருவர், மீஞ்சூரில் பிறந்து சிங்கப்பூரில் உத்தியோகம் பார்ப்பவர், வீட்டுக் கூடத்தில் இப்படியொரு கடற்பெட்டி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் போதித்தவன் என்ற என் ஒரே தகுதியைப் பற்றிக்கொண்டு, நான் அங்கே போயிருந்த சமயம் என்னிடம் முறையிட்டார்: "மாமா, விளக்கும் புதுசா வாங்கிப் போட்டேன், கால்சியம் பார்த்தா கடலைவிட அதிகமாவே காட்டுது. ஆனா எட்டு மாசமா அந்த மான்கொம்பு நகக்கண் அளவுகூட வளரல." பெட்டியைச் சுற்றிவந்து பார்த்ததில், பவளத்தின் நுனிகள் இளநிறமாக இல்லாமல் அடியோடு ஒரே பழுப்பாயிருந்தன, வளரும் கிளைக்கு நுனி வெளுத்திருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் என் கண்ணை இழுத்தது மூலையில் நீரைச் சுழற்றிக்கொண்டிருந்த சிறிய பம்பு. அதன் உடம்பு முழுவதும் மீஞ்சூர்க் கிணற்றுநீர் காய்ச்சும் அண்டாவின் உட்புறம் போல் வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்த துணுக்கின்மேல் ஒரு சொட்டு காடி விட்டதும் நுரைத்தது. அவர் காசு கொடுத்து வாங்கி ஊற்றிய சுண்ணாம்புச் சத்தெல்லாம் பவளத்தில் சேராமல் பம்பில் சேர்ந்திருந்தது!

காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்ததில் கதை வெளிப்பட்டது. அவரிடம் கால்சியம் அளக்கும் மருந்து மட்டும் இருந்தது. கார்பனேட் காரத்தை அளப்பதேயில்லை. வாரம் முழுவதும் ஒன்றும் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்சியம் குளோரைடையும், சற்று நேரத்தில் சோடா உப்பையும் கை நிறைய அள்ளிப் போடுவார். இரண்டும் நீரில் செறிவாகச் சந்தித்த இடத்திலேயே சுண்ணாம்பாகித் திரண்டு, சூடான பம்பின்மேல் படிந்துவிடும்; செவ்வாய்க்கிழமைக்குள் கார்பனேட் வற்றி, மீதி நாட்களில் பவளம் கல் நிறைய இருந்தும் சாந்து இல்லாமல் நிற்கும். இந்த அவசரப் படிவை வழக்கமாகத் தடுத்து நிறுத்துவது நீரிலுள்ள மக்னீசியம். கடலில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டியிருக்கவேண்டிய அது, அவர் பெட்டியில் மிகவும் தாழ்ந்திருந்தது என்பது சோதனைக்குப் பின் தெரிந்தது. போதாக்குறைக்கு, மீன்களின்மேல் கொண்ட வாத்சல்யத்தால் நாளுக்கு மூன்று வேளை தீனி. தீனியில் வந்த பாஸ்பேட், வளரும் சுண்ணாம்புப் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு சேரவிடாமல் தடுப்பது. இத்தனை தடைகளுக்கு நடுவே விளக்கை மாற்றுவதனால் என்ன பிரயோஜனம்? வெளிச்சத்தைத் திடீரென்று உயர்த்தியது பவளத்துக்கு மேலும் ஒரு சிரமமாகவே முடிந்திருக்கக்கூடும்.

செய்த வேலை அதிகமில்லை. முதலில் தீனி குறைந்தது. மக்னீசியத்தைச் சில நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்தி, அதன்பின் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை நிறுத்தி, தினந்தோறும் ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட ஏற்பாடு செய்தோம். ஒரு லிட்டர் நீர் ஒன்றரை கிராமுக்குச் சற்றே அதிகமாகத்தான் நீறை ஏற்றுக்கொள்ளும்; சூடான நீர் இன்னும் குறைவாக ஏற்கும், சர்க்கரைக்கு நேர்மாறு. ஆகையால் எத்தனை கரண்டி போட்டாலும் மிஞ்சியது அடியில் மண்டியாய்த் தங்கும். அந்த மண்டியைக் கலக்கிப் பெட்டிக்குள் விடுவதுதான் ஆபத்து. தெளிவே சருமத்தைப் பொத்தவைக்கும் காரமுள்ளது என்பதால் இரவில், மிக மெதுவாக விடவேண்டும். இரவில் பாசிகள் உறங்கி, நீர் அமிலத்தின் பக்கம் சாயும்போது இந்தக் காரம் அதை நேராக்குகிறது. மூடியுள்ள ஜாடியில் தெளிவை வைக்கவேண்டும் என்பதும் பாட்டிமார் அறிந்ததே: திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயு பட்டு மேலே கண்ணாடித் தகடு போல் ஏடு கட்டி, கீழே வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். இத்தனையும் சொல்லிக் காரத்தையும் கால்சியத்தையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைக்கச் சொன்னேன். கொத்தனார் மணலையும் சுண்ணாம்பையும் தனித்தனியே அளந்துவிட்டுக் கலவையை அளக்க மறந்தால் சுவர் நிற்காது.

சில மாதங்கள் கழித்து நுனி வெளுக்கத் தொடங்கியதாகத் தகவல் வந்தது. பம்பைக் காடியில் ஊறவைத்துக் கழுவிய பிறகு புதுப் பொருக்கு ஏறவில்லையாம். அளவு சொல்லும் அவசரம் எனக்கில்லை. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலுக்குள் நட்டு வளர்த்து வருகிறார்கள். முழுச் சமுத்திரத்தையும் வைத்தியனாகக் கொண்ட அவர்களே வளர்ச்சியை மாதக் கணக்கில் பொறுமையாக அளக்கிறார்கள். பவளம் வெட்டப்பட்டதால் கரைந்து குறுகிய வான் தீவைச் சுற்றிலும் தமிழ்நாடு அரசும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியிருக்கின்றன. அலையைத் தணிக்கவும், பவளம் பற்றிக்கொள்ள இடம் கொடுக்கவும் போட்டவை அவை. கான்கிரீட்டுக்கு சிமெண்டு, சிமெண்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு! அந்தக் கரையில் சூளையேற்றி எரித்ததற்கு ஈடாக எங்கோ ஒரு மலையின் சுண்ணாம்பைச் சுட்டுக் கடலுக்குள் இறக்கவேண்டியதாயிற்று.

மறுபடி சிங்கப்பூர் போகும் சமயம் மருமகன் தொலைபேசியில் கேட்டார்: "மாமா, வரும்போது பழவேற்காட்டுச் சுண்ணாம்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்களேன், நம்ம ஊர்ச் சரக்கு." கேட்க இனிமையாயிருந்தாலும் நான் இசையவில்லை. வெள்ளையடிக்க விற்கும் சுண்ணாம்பில் வேகாத ஓடும், விறகுச் சாம்பலும், சேறும் கலந்திருக்கும், சில கடைகளில் வெண்மை தூக்கிக் காட்ட நீலமும் சேர்ப்பதுண்டு. சாம்பலோடு பாஸ்பேட்டும் உள்ளே போகும். சுவருக்கு அது குற்றமில்லை, பவளத்துக்கு ஆகாது. ரசாயனக் கடையில் முத்திரையிட்டு விற்கும் தூய கால்சியம் ஹைட்ராக்சைடையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பழவேற்காட்டிலிருந்து அவருக்கு இறால் ஊறுகாய் எடுத்துச் சென்றேன்.